கருங்கால் ஓடைப் பாலம் விழ மாட்டேங்குது

கடப்பாரைதான் சார், பயந்துராதீங்க. சாக்கு சுத்தித்தான் வச்சிருக்கேன், ஒங்க காலுல இடிக்காது. கண்டக்டர் இதுக்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட்டு போட்டுட்டான். நான் எறங்கப் போறது நடுவழியில ஒரு ஓடைப் பாலத்துல. அதுக்கு ஸ்டாப்பிங் கிடையாது, தென்காசிக்குத்தான் டிக்கெட்டு தருவேன்னான். சரி குடுன்னு எனக்கும் கடப்பாரைக்கும் தென்காசி வரைக்குமே எடுத்துட்டேன். கவர்மெண்டு பாலத்தை இடிக்கப் போறவன் கவர்மெண்டு பஸ்ஸுல ஓசியில போனா நல்லாவா இருக்கும்?

ஆமா சார், பாலத்தை இடிக்கத்தான் போறேன். முழுசா இல்ல. ஒரு ஓரம் மட்டும்.

சார் இந்த ரூட்டுக்குப் புதுசு போல. வழக்கமா பஸ்ஸு மெயின் ரோட்டுலதான் போகும். கருங்கால் ஓடைன்னு ஒண்ணு, அது வளைஞ்சு வளைஞ்சு மெயின் ரோட்டை நாலு இடத்துல வெட்டும். நாலு இடத்துலயும் பாலம் இருந்துச்சு. ஐப்பசி மழையில நாலும் போயிட்டுது. அதனால இப்ப எல்லா பஸ்ஸையும் மேலப்புதூர் வழியா சுத்தி விடுதான். அங்கயும் அதே ஓடைதான், அதே தண்ணிதான். சொல்லப்போனா அந்த இடம் பள்ளம். மேல உடைஞ்ச நாலு பாலத்துக் கல்லும் மண்ணும் மொத்தமா உருண்டு வந்து அந்தப் பாலத்துல முட்டிச்சு. ஆனா அது மட்டும் அசையல. அது நான் கட்டுனது சார்.

அய்யய்யோ, கை குடுக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் பண்ணுதாவ. நான் செஞ்ச காரியத்தால எத்தனை பேருக்குச் சங்கடம் தெரியுமா? முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கை குடுக்கணுமான்னு பாருங்க.

எம் பேரு குத்தாலிங்கம். யூனியன் ஆபீஸுல பதிஞ்ச கான்ட்ராக்டர். பதினெட்டு வருசத்துல நூத்தி அறுவத்திரெண்டு டெண்டர் போட்டிருக்கேன். இந்தப் பாலத்தைத் தவிர ஒண்ணுல கூட ஜெயிச்சது கிடையாது. மனுசனுக்கு ஒரு நாணயம் வேணும்லா?

முழிக்காதீங்க, சொல்லுதேன். ஒரு வேலைக்கு டெண்டர் விட்டா ஒரே ஆளு போட்டா செல்லாது. நாலு பேரு போட்டி போட்ட மாதிரி இருக்கணும். ஆனா நெசமாவே போட்டி போட்டா ஒருத்தனை ஒருத்தன் கொறைச்சுக் கொறைச்சு, கடைசியில எவனும் பொழைக்க முடியாது. அதனால பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு லாட்ஜு, ரூம் நம்பர் ஏழு. அங்க உக்காந்து இந்த வேலை யாருக்குன்னு பேசி முடிச்சிருவோம். பெரும்பாலும் எங்கள்ல பெரிய கான்ட்ராக்டர் வேலாயுதம் அண்ணாச்சிக்குத்தான். அவுக போடுற ரேட்டுக்கு மேல நாங்க ரெண்டு மூணு பேரு போட்டுத் தோத்துருவோம். அதுக்குப் பேரு சப்போர்ட் டெண்டர். நானும் சவரிமுத்துன்னு ஒருத்தரும் அதுல நெரந்தரம். டெண்டருக்கு ரூபா வச்ச ஒரு கவரும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கிடைக்கும்.

தோக்குறதுன்னா சும்மான்னு நெனைச்சிராதீங்க. ரொம்பக் கூட்டிப் போட்டா ஆடிட்டுல ஏன்னு கேப்பான். ரொம்பக் கொறைச்சா தெரியாம ஜெயிச்சுத் தொலைச்சிருவோம். பாத்தா, பாவம், கொஞ்சத்துல விட்டுட்டான்னு தோணணும். அண்ணாச்சியே சொல்லுவாவ, "குத்தாலிங்கம் மாதிரி லட்சணமாத் தோக்க இந்த ஜில்லாவுல ஆளு கிடையாது"ன்னு. அந்த ரூம்ல ஜன்னல் பக்கம் எனக்குன்னு ஒரு நாற்காலி உண்டு. வேற யாரும் அதுல உக்கார மாட்டாவ.

எஞ்சம்சாரத்துக்குத்தான் இது புரியாது. வடிவு. சண்முகவடிவு. வீட்டுல ஜாக்கெட்டு தைக்கா. பஸ்ஸுல போகும்போது கேப்பா, "ஏங்க, அந்தா தெரியுதே பள்ளிக்கூடம், அது நீங்களா?" அது அண்ணாச்சிம்பேன். "அந்தத் தண்ணித்தொட்டி?" அதுவும் அண்ணாச்சிதான், ஆனா அதுக்கு நான் சப்போர்ட்டும்பேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுவா. அவ தம்பி சங்கரபாண்டி புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தோம். பந்தியில வச்சு அவன் கேட்டான், "அத்தான், நீங்க கான்ட்ராக்டர்னு அக்கா பதினெட்டு வருசமாச் சொல்லுதா. நீங்க கட்டுனதுன்னு ஒரு சுவரையாவது கை நீட்டிக் காட்டுங்களேன்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வடிவு மட்டும் பாதி எலையில எந்திரிச்சிட்டா.

சரி, விசயத்துக்கு வாரேன்.

மேலப்புதூர்ப் பாலத்துக்கு டெண்டர் வந்துது. வியாழக்கிழமை. சாயங்காலம் மூணு மணிக்குப் பெட்டியை மூடணும். வழக்கம்போல நானும் சவரிமுத்தும் ரெண்டரைக்கே போட்டுட்டோம். எஸ்டிமேட்டைவிட நான் பத்து சதவீதம் கூடுதல், அவரு பன்னெண்டு. அண்ணாச்சி எப்பவும் கடைசியிலதான் போடுவாவ. வெளியூர்க்காரன் எவனாவது திடீர்னு வந்து நின்னா டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி பேசணும்லா, அதுக்காக. ஆனா வியாழக்கிழமை ஒன்றரையில இருந்து மூணு வரைக்கும் ராகுகாலம். அண்ணாச்சி ராகுகாலத்துல தும்மக்கூட யோசிப்பாவ. மத்தியானத்துக்கு முன்னாலயே போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. எதுக்குப் போடணும்? பழைய அதிகாரி மூணே கால் வரைக்கும் பெட்டியைத் தொறந்தே வச்சிருப்பாரு. பல வருசமா அப்படித்தான்.

அன்னைக்குப் பாத்து புது அதிகாரி. ஒரு அம்மா, வந்து நாலு நாளுதான் ஆகுது. வாசல்ல அண்ணாச்சி கார்ல கவரை மடியில வச்சுக்கிட்டு கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. உள்ள அந்தம்மா சுவர்க்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. மூணு அடிச்சுது. அண்ணாச்சி கார்க்கதவைத் தொறந்து வலது காலை எடுத்து வச்சாவ. அந்தம்மா பெட்டி வாய் மேல பேப்பரை ஒட்டி கையெழுத்துப் போட்டாவ. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துச்சு சார். நான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் கையை ஆட்டுதேன், எவரும் பாக்கல.

பெட்டியைத் தொறந்தா ரெண்டே கவர். சவரிமுத்து பன்னெண்டு, நான் பத்து. சவரிமுத்து என்னை ஒரு பார்வை பாத்துட்டு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

அந்தம்மா என்னைக் கூப்பிட்டு, "மதிப்பீட்டைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக் கேட்டிருக்கீங்க. கொறைக்க முடியுமா?"ன்னாவ. நான் அது வரைக்கும் போனதே இல்ல சார். அந்த எடத்துல என்ன பேசணும்னே தெரியாது. மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன். கண்ணு மண்ணு தெரியாமக் கொறைச்சுச் சொன்னா, இவன் கிறுக்கன்னு வெளிய அனுப்பிருவாவ, டெண்டர் ரத்தாயிரும், மறுபடி விடுவாவ, அண்ணாச்சி எடுத்துக்கிடுவாவன்னு.

"இருவது கொறைக்கேம்மா"ன்னேன்.

"இருவதா? கூடுதல் போட்டதே பத்துதானே?"

"இல்லம்மா. எஸ்டிமேட்டுல இருந்தே இருவது கம்மி."

அந்தம்மா எந்திரிச்சுட்டாவ. "இந்த ஆபீஸுல நான் பாக்குற மொத நேர்மையான ஆளு நீங்கதான்"ன்னாவ. இல்லம்மா, அப்படியெல்லாம் தப்பா நெனைக்காதீங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல, கையெழுத்து வாங்கிட்டாவ.

வேணாம்னு எழுதிக் குடுத்தா டெபாசிட்டு போயிரும். அதுகூடப் பரவால்ல, பிளாக் லிஸ்ட்டுல பேரு ஏறிரும். ஏறிட்டா அப்புறம் எங்கயும் டெண்டரே போட முடியாது. டெண்டரே போட முடியாட்டா எப்படித் தோக்க? நான் மேற்கொண்டு தோத்துப் பொழைக்கணும்னா இந்தப் பாலத்தைக் கட்டியே ஆகணும்னு ஆயிட்டுது.

ஏழாம் நம்பர் ரூமுக்கு ஓடினேன். கதவைத் தொறக்கல. உள்ள சீட்டுப் போடுற சத்தம் கேக்குது. "அண்ணாச்சி, தெரியாம ஜெயிச்சுட்டேன்"னு கதவுக்கு வெளிய நின்னு சொன்னேன். சவரிமுத்து தெருவுல எதுத்தாப்புல வந்தா, செருப்புக் கடைக்குள்ள பூந்துக்கிடுவாரு. பதினெட்டு வருசம் கூடவே தோத்த மனுசன்.

பாலம் எப்படிக் கட்டுறதுன்னு எனக்கு யாரு சொல்லித் தருவா? எவ்வளவு கம்பியைக் கொறைக்கணும், சிமெண்டுக்கு எத்தனை சட்டி மணலைக் கூட்டணும், எந்த எடத்துல கண்ணை மூடிக்கிடணும், ஒண்ணும் தெரியாது. வீட்டுல தலையில கையை வச்சு உக்காந்திருந்தேன். வடிவு அந்த டெண்டர்க் காகிதத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சா. "இதுலதான் எல்லாம் எழுதியிருக்கே. எட்டு அங்குலத்துக்கு ஒரு கம்பி. சிமெண்டு இவ்வளவு, மணல் இவ்வளவு, ஜல்லி இவ்வளவு. இருவத்தோரு நாள் தண்ணி நனைக்கணும். இதுல தெரியாம இருக்க என்ன இருக்கு?"ன்னா.

வெகுளி சார் அவ. காகிதத்துல எழுதியிருக்குறதை அப்படியே செய்யணும்னு நெனைச்சுட்டா. எனக்கு வேற வழி இல்ல, விட்டுட்டேன்.

தையல் மிசினை மூடி வச்சுட்டு, கழுத்துல அவ இஞ்சு டேப்பைப் போட்டுக்கிட்டு தினம் மொத பஸ்ஸுல மேலப்புதூர் போயிருவா. கம்பி கட்டினதும் எறங்கி அளப்பா. ஒன்பது அங்குலம் இருந்தா பிரிச்சுக் கட்டச் சொல்லுவா. கொத்தனாரு, "யக்கா, ஒரு இஞ்சுதானே"ம்பாரு. "அக்குள்ல ஒரு இஞ்சு விட்டா ஜாக்கெட்டு என்ன ஆகும்னு ஒங்க வீட்டுல கேட்டுப் பாருங்க"ம்பா. சிமெண்டு கலக்கும்போது சட்டியை எண்ணுவா. எண்ணிக்கை விட்டுப்போனா கலவையைக் கொட்டச் சொல்லுவா. இருவத்தோரு நாளும் குடத்துல தண்ணி ஊத்துனா. நான் என்ன செஞ்சேன்னா, அங்க வேப்பமரத்தடியில உக்காந்து அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்லன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு கான்ட்ராக்டருக்கு யோசனைதான் முக்கியம்.

வேலை முடிஞ்சு பாத்தா காசு மிஞ்சுது சார்! இருவது கொறைச்சும் மிஞ்சுது. எதையோ போட மறந்துட்டோம்னு பாலத்தைச் சுத்திச் சுத்தி வந்தேன். அப்புறம்தான் வெளங்கிச்சு. யாரு யாருக்குக் கவர் குடுக்கணும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல, நானும் ஒருத்தருக்கும் குடுக்கல. எவ்வளவு பெரிய மரியாதைக் கொறைச்சல் பாருங்க.

வடிவு அவ தம்பியைக் கூட்டிட்டு வந்து பாலத்துல மூணு தடவை நடக்க விட்டா. சங்கரபாண்டி காலை ஓங்கி ஓங்கி மிதிச்சுப் பாத்துட்டு, "ம், சரி"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அதுக்கு அவ முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுதா. அன்னைக்கு அவ மொகத்தைப் பாத்து எனக்கும் என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அந்த ஏழாம் நம்பர் ரூம் ஞாபகம் விடமாட்டேங்குது. ஒன்றரை வருசம் சார், ஒரு டெண்டருக்கும் என்னைக் கூப்பிடல.

அப்புறம்தான் இந்த மழை.

போன வாரம் வீட்டு வாசல்ல கார் வந்து நிக்குது. அண்ணாச்சி. கையில ஆப்பிள் பழம், பின்னால சவரிமுத்து, அவரு கையில பிரியாணிப் பொட்டலம்.

"வே குத்தாலிங்கம்"னாவ, "நான் கட்டுன நாலு பாலம் விழுந்தது ஒரு பெரிய விசயமே இல்ல. வரலாறு காணாத மழைன்னு ரிப்போர்ட்டு எழுதி ரெடியா வச்சிருந்தாவ. அஞ்சும் விழுந்திருந்தா பழி வானத்து மேல. நாலு விழுந்து ஒண்ணு நின்னா பழி யாரு மேல வே? அதே தண்ணிக்கு இது மட்டும் எப்படி நின்னுச்சுன்னு அந்த அதிகாரியம்மா கேட்டுட்டா. செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு பாலத்தைப் பாக்க கமிட்டி வருது."

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு ஓரம் சாஞ்சாப் போதும். அதுவும் கொஞ்சம் கஷ்டப்பட்டுச்சுன்னு தெரியணும், அவ்வளவுதான்." எந்திரிச்சுப் போகும்போது தோள்ல கையை வச்சு, "ஜன்னல் பக்கம் ஒன் நாற்காலி அப்படியேதான் வே கிடக்கு"ன்னாவ.

அழுதுட்டேன் சார். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், அழுதுட்டேன்.

இன்னைக்குத் திங்கள். நாளைக்குக் கமிட்டி. இது ரெண்டாவது கடப்பாரை. சனிக்கிழமை விடிகாலையில கொண்டு போனது நாலே குத்துல மூக்கு மழுங்கிட்டுது. அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். கரண்டு மிசினோட ஒரு ஆளை அனுப்புனாவ. அவன் மத்தியானம் வரைக்கும் இடிச்சு ஒரு தேங்கா அளவுக்குப் பேத்தான். உள்ள கம்பி தெரிஞ்சுது. அதைப் பாத்ததும் மிசினை நிறுத்திட்டு, டேப்பை எடுத்து அளந்துட்டு, "அண்ணே, இருவது வருசமா இடிக்கேன், சொன்ன எடத்துல கம்பி இருந்து பாத்ததே இல்ல"ன்னு செல்போன்ல படம் புடிச்சுக்கிட்டான். கொத்தனாருங்க குரூப்புக்கெல்லாம் அனுப்பிட்டான். அது எப்படியோ வடிவு செல்போனுக்கும் வந்துட்டுது.

அவ சோறு போட்டா. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தா. "ஒங்களுக்கு அந்த நாற்காலி வேணும், எனக்கு அந்தப் பாலம் வேணும்"னா. நேத்துக் காலையில தையல் மிசினை ஒரு குட்டியானை வண்டியில ஏத்திக் கொண்டு போயி, நான் இடிக்க வேண்டிய அதே ஓரத்துல போட்டு உக்காந்துட்டா. அங்கயே ஜாக்கெட்டு தைக்கா. மேலப்புதூர்ப் பொம்பளைங்க குடை கட்டிக் குடுத்திருக்காவ, சோறு கொண்டாந்து குடுக்காவ, மொறை வச்சு அவகூடவே படுத்துக்கிடுதாவ. பஸ்ஸு போகும்போதெல்லாம் கையை நீட்டி, "எங்க வீட்டுக்காரரு கட்டுனது"ன்னு காட்டுதாளாம்.

சார் படிச்ச மனுசனாத் தெரியுதீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அவ எந்திரிச்சா ராத்திரி முழுக்கக் குத்தியாவது ஒரு ஓரத்தைச் சாச்சிருவேன். பஸ்ஸெல்லாம் போன பெறகுதான் இடிப்பேன், எனக்கும் மனசாட்சி உண்டு. ஊருக்கு வழியா? அதுக்குப் புதுசா டெண்டர் விடுவாங்கல்லா. எனக்கும் சவரிமுத்துக்கும் சப்போர்ட் கிடைக்கும்.

அந்தா பாலம் வருது பாருங்க. அந்தக் கருப்புக் குடைக்குக் கீழ, மிசின் முன்னால, பச்சைச் சேலை. அவதான். டிரைவர் ஹாரன் அடிச்சு வணக்கம் வைக்கான் பாருங்க. நிறுத்தப் போறான். ரெண்டு மூணு பொம்பளைங்க துணிப்பையோட எந்திரிக்காவ, ஜாக்கெட்டு குடுக்கப் போறாவ போல.

சார்... கண்டக்டர் என்ன சொல்லுதான்?

"குத்தாலிங்கம் பாலம்லாம் எறங்கு"ங்கானா? எம் பேரு இவனுக்கு எப்படித் தெரியும்? ஸ்டாப்பிங்கே கிடையாதுன்னு சொன்ன பயதானே? குத்தாலிங்கம் பாலமாம். நாளைக்குக் கமிட்டி வரும்போது இவன் இப்படிக் கத்துனா என் கதி என்ன ஆகுறது?

இன்னொரு தடவை கத்துதான் சார்.

பாத்தீங்களா, பஸ்ஸு பாலத்துக்கு நடுவுல நிக்குது. இத்தனை பேரு இருக்கோம், காலுக்குக் கீழ ஒரு ஆட்டம் தெரியுதா? ஒண்ணும் தெரியல. அவ பாத்துட்டா. கையை நீட்டிக் காட்டுதா. பாலத்தை இல்ல சார், என்னைக் காட்டுதா.

எறங்குதேன், எறங்குதேன். தள்ளாதீங்கம்மா. வாரேன் சார்.

என்னது? கடப்பாரையா?

அது அங்கயே இருக்கட்டும் சார். அதுக்குத்தான் தென்காசி வரைக்கும் டிக்கெட்டு எடுத்திருக்கே. பாதியில எறக்குனா நஷ்டம்லா.